ஒரு மணிக்கு மேற்கே போகும் மேசை

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்தே கால் மணிக்கு நந்தினி போன் செய்தாள். பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. கூடைப்பந்துப் போட்டிகளில் மேசை அலுவலராகவும் உட்காருகிறாள். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

“சார், கடைசி ரெண்டு நிமிசத்துல டைம் அவுட் எடுத்தாங்கன்னா பந்தை எங்கேர்ந்து போடணும்?”

“ஏம்மா, உனக்குத் தெரியாததா?”

“தெரியுங்க சார். உங்க வாயால ஒருக்கா கேட்டுக்கலாம்னுதான். சனிக்கிழம அரூர்ப் பக்கம் டேபிள் எனக்கு. அதே கிரவுண்டு.”

அதே கிரவுண்டு என்றதும் நான் போனை வைக்காமலே எழுந்துபோய், அலமாரியிலிருந்து அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்து வந்து உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருட வேலையில் முப்பத்து நான்கு நாட்குறிப்புகள் என்னிடம் இருக்கின்றன. எந்த மைதானத்தில், என்ன கிழமை, எத்தனை மணிக்கு, யார் விசில் ஊதினார் என்பதெல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையில் தேதி போடப் போவதில்லை. எங்கள் மாவட்டத்தில் தேதியைக் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். கிழமையும் மணியும் மட்டும் தருகிறேன். எனக்கு இது உப்பில்லாமல் சாப்பிடுவது போலத்தான், இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன்.

நந்தினியிடம் அன்று சொன்னதை, கூடைப்பந்து ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டைம் அவுட் என்பது ஒரு நிமிட இடைவேளை. அதைப் பயிற்சியாளர்தான் கேட்க வேண்டும். மேசைக்கு வந்து, கையால் சைகை காட்டிக் கேட்க வேண்டும். மேசையில் இருப்பவர் பந்து நிற்கும் வரை காத்திருந்து மணியடிக்க, நடுவர் விசில் ஊதி அதைக் கொடுப்பார். ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. தன் கூடைக்கு அடியிலிருந்து பந்தைப் போட வேண்டிய அணி டைம் அவுட் எடுத்தால், முடிந்ததும் அதன் பயிற்சியாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பந்தைப் பின் பாதியிலிருந்தே போடலாம். அல்லது எதிரணியின் கூடை இருக்கும் முன் பாதிக்கே கொண்டுபோய், பக்கக் கோட்டில் அதற்கென்று வரைந்திருக்கும் சின்னக் கோட்டிலிருந்து போடலாம். நேரம் குறைவாக இருக்கும்போது அரை மைதானம் இனாமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னக் கோடு எங்கே இருக்க வேண்டும்? மேசைக்கு எதிர்ப்பக்கம்.

இந்தக் கடைசி இரண்டு சொற்களை எழுதியவர்கள், மேசை என்பது வைத்த இடத்தில் இருக்கும் பொருள் என்று நம்பியவர்கள். அவர்கள் எங்கள் மாவட்டத்துக்கு வந்ததில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு வருடம் உடற்கல்விக் கல்லூரி. அதில் கூடைப்பந்துக்கு ஒதுக்கியது பதினோரு வகுப்பு. அதிலும் நான்கு நாள் மழை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே மேசையில் உட்கார்த்திவிட்டார்கள். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. மற்றதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காதர் சார்.

காதர் சார் தருமபுரியில் ஒரு பள்ளியின் உடற்கல்வி இயக்குநர். கடைவீதியில் அவருடைய அண்ணன் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அதனால் காதர் சாரின் ஸ்டாப் வாட்ச்சை மாவட்டத்தில் யாரும் சந்தேகப்பட்டது கிடையாது. எந்தப் போட்டியிலும் மேசையில் அவர்தான் நேரக் காப்பாளர். ஒல்லியான மனிதர். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் வாட்ச், அதற்குப் பக்கத்தில் விசில், காலடியில் டீ பிளாஸ்க். விதிப் புத்தகத்தைப் பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருப்பார். அதை அவர் பிரித்துப் பார்த்து நான் கண்டது இரண்டே தடவை.

அவர் யாரையும் திட்டியதில்லை. தப்பு என்ற சொல்லையே பயன்படுத்த மாட்டார். நாம் செய்ததை முழுதாகக் கேட்டுவிட்டு, “அப்படியா தம்பி?” என்பார். அவ்வளவுதான். அதைக் கேட்டவர் அன்று மதியம் சரியாகச் சாப்பிட முடியாது.

அதை நான் முதன்முதலில் கேட்டது ஒகேனக்கல் போகும் வழியில் ஒரு பள்ளியில், செவ்வாய்க்கிழமை காலை. ஒரு அணியின் பயிற்சியாளர் பரிசல்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, “ஓய், டைம் அவுட்டு!” என்று ஒரு சத்தம் போட்டார். நான் பதறிப்போய் மணியை அடித்துவிட்டேன். பந்து அப்போது ஆட்டத்தில் இருந்தது. ஒன்பது பையன்கள் மணியைக் கேட்டு நின்றுவிட்டார்கள். ஒருவன் மட்டும் நிற்காமல் பந்தைத் தட்டிக்கொண்டே போய்க் கூடையில் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். நடுவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஸ்கோரர் மணியடித்தால் பந்து நின்றதாக ஆகாது. நடுவர் விசில் ஊதினால்தான் நிற்கும்.

காதர் சார் என் பக்கம் திரும்பினார்.

“அவர் கேட்டாரு, அடிச்சேன் சார்,” என்றேன்.

“டேபிளுக்கு வந்து கேட்டாரா?”

“இல்லீங்க சார். அங்கேர்ந்தே கேட்டாரு. நல்லாக் காதுல விழுந்துச்சு.”

“அப்படியா தம்பி?”

அன்று மதியம் அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்காக வறுத்த மீன் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒரு துண்டு கூட இறங்கவில்லை. காதர் சார் மூன்று துண்டு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் மேசையில் எப்படி வேலை செய்கிறார் என்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன். நடுவர் டைம் அவுட் சைகை காட்டிய நொடியில் வாட்ச்சை அழுத்துவார். அதன் பிறகு ஐம்பது நொடிக்கு அவர் கண் வாட்ச்சை விட்டு நகராது. டீ வந்தாலும் சரி, கலெக்டர் ஆபீஸ் ஜீப் வந்தாலும் சரி. ஐம்பதாவது நொடியில் விசில். அணிகள் எழ வேண்டும். ஸ்கோரராக நான் அந்த நேரத்தில் டைம் அவுட் கட்டத்துக்குள் எத்தனையாவது நிமிடம் என்று எழுத வேண்டும். ஆட்டத்துக்கு நான்கு கால் பகுதிகள்; முதல் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் சிவப்பு மை, இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நீலம். பயன்படுத்தாத கட்டத்தில் இரண்டு படுக்கைக் கோடு. கோடு சாய்ந்திருந்தால் அதற்கும் ஒரு “அப்படியா” உண்டு.

“டைம் அவுட்டு வெளையாடறவங்களுக்குத்தான் தம்பி,” என்று ஒருமுறை சொன்னார். “நமக்குக் கிடையாது. அந்த ஒரு நிமிசம் நாம எந்திரிக்கவே கூடாது.”

இதை நான் நாட்குறிப்பில் எழுதி, கீழே கோடும் போட்டு வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

இனி அரூர்ப் பக்கத்து மைதானம். பள்ளியின் பெயர் வேண்டாம். கூடைப்பந்துத் தளம் வடக்குத் தெற்காக இருக்கும். கிழக்கே, பக்கக் கோட்டிலிருந்து மூன்றடி தள்ளி, வகுப்பறைக் கட்டடத்தின் தாழ்வாரம், வரிசையாகத் தூண்கள். மேற்கே இரண்டு பெரிய புங்க மரம். கூரை, பந்தல் எதுவும் கிடையாது. காலையில் கட்டடத்தின் நிழல் கிழக்கு ஓரத்தில் விழும். மதியத்துக்கு மேல் புங்க மரத்தின் நிழல் மேற்கு ஓரத்துக்கு வரும். ஆகவே காலை ஆட்டங்களுக்கு மேசை கிழக்கே. ஒரு மணிக்கு மேல் மேற்கே. வாட்ச்மேன் முனியப்பன் தாழ்வாரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஒரு மணி அடித்துவிட்டு, நேராக மேசைக்கு வந்து அதன் ஒரு காலைப் பிடிப்பார். மற்ற மூன்று கால்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் பிடிப்பார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மைதானத்தில் ஒரு நாளாவது வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அந்த மேசையைத் தூக்கியிருக்கிறார்கள். மேசை இரண்டு பக்கமும் இருக்கும் என்பதால், முன்பு அந்தப் பள்ளியில் இருந்த ஓர் உடற்கல்வி ஆசிரியர், பந்து போடும் சின்னக் கோடுகளைக் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பக்கமும் வரைந்து வைத்திருந்தார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆட்டத்துக்கு நடுவில் ஒரு மணி அடிக்காத வரையில்.

அன்று சனிக்கிழமை. பெண்கள் பிரிவில் மாவட்ட இறுதிப் போட்டி. அரூர் அணியும் பாலக்கோடு அணியும். ஜெயிக்கும் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அரூர் அணியில் பூங்கொடி என்று ஒரு பெண். சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள், பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் மேற்கொண்டு படிக்க அனுப்புவதாக இல்லை. மாநிலப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கும். அப்படிக் கிடைத்தால் போ என்று அப்பா சொல்லியிருந்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய பயிற்சியாளர் மல்லிகா டீச்சர் இதைக் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவரிடமும் சொன்னார். “இதெல்லாம் என்கிட்ட ஏங்க சொல்றீங்க?” என்று நடுவர் கேட்டதற்கு, “சும்மா, தெரிஞ்சிருக்கட்டும்னுதான்” என்றார்.

பாலக்கோட்டின் பயிற்சியாளர் நாகராசு சார். எல்லைப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் தமிழ் பின்னால் போய்விடும். விதிப் புத்தகம் அவர் பையிலும் ஒன்று இருக்கும். காதர் சார் போல அல்ல, அடிக்கடி பிரிப்பார். அவருடைய அணிக்குத் தலைவி நந்தினி. ஆம், எனக்குப் போன் செய்த அதே நந்தினி.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம், வந்த பிறகு ஜோதி, ஜோதி காற்றில் இரண்டு முறை அணைந்தது, பிறகு உறுதிமொழி. பதினொன்று நாற்பதுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். மேசை கிழக்கே. நான் ஸ்கோரர், காதர் சார் நேரக் காப்பாளர், கூட இரண்டு இளம் ஆசிரியர்கள்: ஒருவர் துணை ஸ்கோரர், இன்னொருவர் இருபத்து நான்கு நொடிக் கடிகாரம் பார்ப்பவர். ஆக மேசையில் நாலு பேர்.

நான்காவது காலின் கடைசியில் நந்தினி ஒரு பந்தைப் போட்டாள். பாலக்கோடு நாற்பத்தொன்று, அரூர் நாற்பது. மீதி எட்டு நொடி. மல்லிகா டீச்சர் மேசைக்கு ஓடிவந்து இரண்டு கையாலும் சைகை காட்டினார். சைகை காட்டும் வேகத்தில் துணை ஸ்கோரரின் மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. நான் மணியடித்தேன். நடுவர் டைம் அவுட் கொடுத்தார். காதர் சார் வாட்ச்சை அழுத்தினார். நான் நீல மையில் கட்டத்துக்குள் பத்து என்று எழுதினேன்.

பத்தில் சுழியை முடிக்கும்போது முனியப்பன் ஒரு மணி அடித்தார்.

இதை நான் மறைக்கப் போவதில்லை. வருடக்கணக்கான பழக்கம், கை தானாகவே போனது. முனியப்பன் வந்து வடமேற்குக் காலைப் பிடித்தார். துணை ஸ்கோரர் ஒன்று, கடிகாரக்காரர் ஒன்று, நான் ஒன்று. ஸ்கோர் ஷீட் பறக்காமல் இருக்க அதன்மேல் தாடையை வைத்து அழுத்திக்கொண்டேன். அணிகள் பெஞ்சில் தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தன. நடுவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காலியாக இருந்த தளத்தின் குறுக்கே பதினைந்து மீட்டர் நடந்து, மேற்கே புங்க மர நிழலில் மேசையை இறக்கினோம். “அப்பாடா, இப்பதான் மூச்சு வருது” என்று முனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. ஐம்பதாவது நொடி. திரும்பிப் பார்த்தேன்.

எதிர்ப்பக்கம், உச்சி வெயிலில், காதர் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் மேசை இல்லை. காலடியில் பிளாஸ்க் இருந்தது. வாட்ச்சைப் பார்த்தபடி, மேசை இருந்தால் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நடுவர் மல்லிகா டீச்சரிடம் கேட்டார். “முன் பாதியா, பின் பாதியாங்க?”

“முன் பாதிதான்! இதென்ன கேள்வி?”

பூங்கொடி பந்து போட மேற்கே ஓடினாள். அவர்கள் திட்டம் போட்டது அந்தப் பக்கத்துக்குத்தான். மேசை கிழக்கே இருந்ததல்லவா. அவள் போய் நின்ற இடத்தில், சின்னக் கோட்டின் மேலேயே, நாங்கள் மேசையை வைத்திருந்தோம்.

“சார், கொஞ்சம் தள்ளுங்க,” என்றாள் என்னிடம்.

“அங்க இல்ல!” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து நாகராசு சார் கத்தினார். விதிப் புத்தகம் அதற்குள் கையில் வந்துவிட்டது. “டேபிளுக்கு எதிர்ப்பக்கம்னு போட்டிருக்குது. டேபிள் அங்க இருக்குது. அப்ப பந்து இங்கேர்ந்துதான் போடணும். நான் சொல்லலீங்க, புக்கு சொல்லுது!”

இங்கே என்று அவர் காட்டியது கிழக்குப் பக்கக் கோடு. அங்கே நின்று பந்து போட்டால் முதுகுக்குப் பின்னால் தூண். கையை ஓங்க முடியாது. நந்தினி வேறு முன்னால் நிற்பாள். அந்த வயதிலேயே ஐந்தடி பத்து அங்குலம்.

“டேபிளு எட்டுக்கால் பூச்சியா, தானா நடந்து போவ?” என்றார் மல்லிகா டீச்சர். “தூக்கிட்டுப் போனது நாங்களா?”

“யார் தூக்குனாலும் டேபிளு டேபிள்தானுங்க.”

“ஏன், நாளைக்கி யாராச்சும் டேபிளைத் தூக்கிப் பஸ்ஸுல போட்டா, சேலத்துக்கு எதிர்லேர்ந்து பந்து போடுவீங்களா?”

நாகராசு சாருக்குக் கன்னடம் வந்துவிட்டது. “அய்யய்யோ, ஏனு மாடோது!” என்று, என்ன செய்வது என்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

நடுவர் இளைஞர். அவர் காதர் சாரிடம் போனார். நானும் ஸ்கோர் ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

“என்ன சார் செய்யறது?”

“முடிவு உங்களோடதுங்க,” என்றார் காதர் சார். “கேட்டா சொல்றேன்.”

“கேக்கறேன் சார்.”

“டைம் அவுட்டு குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“குடுக்கறப்ப டேபிள் எங்க இருந்துச்சு?”

“இங்க.”

“யாரைப் பாத்துக் குடுத்தீங்க?”

“உங்களை.”

“நான் எந்திரிச்சனா?”

“இல்லீங்க சார்.”

“பந்து எப்ப நின்னுச்சோ அப்பவே எடம் முடிவாயிடுச்சுங்க. நடுவுல என்ன நகர்ந்தா நமக்கு என்ன? டைம் அவுட்டுல கோர்ட்டு நகராது.”

பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

“தம்பி, நீ எந்திரிச்சியா?”

“ஒரு மணி அடிச்சுது சார்...”

“அப்படியா தம்பி?”

நடுவர் மேற்கே கை காட்டினார். மேசையைத் திரும்பத் தூக்க வேண்டும். முனியப்பன் மறுத்துவிட்டார். “ஒரு மணிக்கு மேல அது இந்தப் பக்கந்தான் சார். அந்த வெயில்ல பேப்பரு பொரிஞ்சிடும்.” கடைசியில் பூங்கொடி ஒரு காலைப் பிடித்தாள். அவளோடு இரண்டு அரூர்ப் பெண்கள். நான்காவது காலுக்கு ஆளில்லாமல் மேசை சாய்ந்தபோது, நந்தினி போய்ப் பிடித்தாள். “சாயுதுல்ல, வேற என்ன பண்றது?” என்று தன் பயிற்சியாளரைப் பார்த்துச் சொன்னாள். எதிரெதிர் அணிகள் மேசையைத் தூக்கி வந்து, காதர் சாருக்கு முன்னால், பழைய இடத்தில் வைத்தன. அவர் கொஞ்சம் தள்ளச் சொன்னார். தள்ளினார்கள்.

எட்டு நொடி. பூங்கொடி மேற்கிலிருந்து போட்டாள். உயரமான பெண் ஒருத்தி வாங்கி, திரும்ப அவளிடமே தந்தாள். பூங்கொடி இடது கைக்காரி. நந்தினி வலது பக்கம் தடுத்தாள். இவள் இடது பக்கம் புகுந்தாள். பந்து கையை விட்ட பிறகுதான் காதர் சார் ஆட்டம் முடிந்த மணியை அடித்தார். பலகையில் பட்டு, வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. அரூர் நாற்பத்திரண்டு, பாலக்கோடு நாற்பத்தொன்று.

மல்லிகா டீச்சர் அழுதார். பூங்கொடி அழவில்லை, தண்ணீர் கேட்டாள்.

நாகராசு சார் புகார் என்றார். அதற்கு விதியில் இடமுண்டு. தோற்ற அணியின் தலைவி ஸ்கோர் ஷீட்டின் அடியில் அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கமிட்டி கூடும். கமிட்டி கூடினால் என் அறிக்கையைப் படிக்கும். காதர் சார் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“நடந்ததை எழுது தம்பி.”

நான் தயங்கினேன். ஸ்கோரரே இடத்தை விட்டுப் போனார் என்று என் கையாலேயே எழுதினால், ஆட்டத்தை மறுபடி ஆடச் சொல்ல அதுவே போதும். பூங்கொடி எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“நான் கால் பிடிச்சதையும் எழுதணுங்களா சார்?” என்று காதர் சாரைக் கேட்டேன்.

“எந்தக் கால்?”

“தென்கிழக்குக் கால் சார்.”

“அதையும் எழுது.”

எழுதினேன். மணி, நிமிடம், மேசையின் திசை, என் கால், எல்லாம். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் எழுதியதில்லை. அவ்வளவு வருத்தத்தோடும் எழுதியதில்லை. நந்தினி பேனாவைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் முனியப்பன், தன்னைப் பற்றித்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மேசைக்கு வந்தார். நேராக நாகராசு சாரிடம் போனார்.

“என்னாங்க சார், எம்மேல பெட்டிசனா? நீங்க இங்க இருந்தப்ப நீங்கதானுங்களே சொன்னீங்க. ‘முனியப்பா, ஒரு மணி அடிச்சா டேபிளைப் பக்கம் மாத்திடு. யார் தடுத்தாலும் நிக்காத. கலெக்டரே உக்காந்திருந்தாலும் தூக்கு’னு. மாத்துனதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு பக்கமும் கோடு போட்டதும் நீங்கதான். சுண்ணாம்பு கலக்குனது நானு!”

எனக்கு இது தெரியாது. நான் அந்த மைதானத்துக்கு வர ஆரம்பித்தது நாகராசு சார் பாலக்கோடு பக்கம் மாறிப் போன பிறகு. காதர் சாருக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் அவர் கேட்டால் மட்டும் சொல்பவர்.

நாகராசு சார் விதிப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்தார், அது பாதியில் மாட்டிக்கொண்டது. “இவ்வளவு நாளா இன்னும் அதையே பண்றியா நீ?” என்றார்.

“நிறுத்தச் சொல்லி நீங்க சொல்லவே இல்லீங்களே.”

நந்தினி காதர் சாரைக் கேட்டாள். “கையெழுத்துப் போட்டா என்னங்க சார் ஆகும்?”

“கமிட்டி உக்காரும்மா. மறுபடி ஆடச் சொன்னாலும் சொல்லும்.”

அவள் தன் பயிற்சியாளரைப் பார்த்தாள். “உன் இஷ்டம்மா,” என்றார் அவர், ஜிப்போடு போராடிக்கொண்டே. பிறகு பூங்கொடியைப் பார்த்தாள். பேனாவை மூடி ஸ்கோர் ஷீட்டின் மேல் வைத்தாள்.

“அந்த ஷாட்டு சுத்தமா விழுந்துச்சு சார். நாந்தான் தப்புப் பக்கம் தடுத்தேன்.”

என் அறிக்கையை யாரும் படிக்கவில்லை. அது இன்றும் அந்த வருட நாட்குறிப்புக்குள் மடித்தபடி இருக்கிறது. பூங்கொடி மாநிலப் போட்டிக்குப் போனாள். முதல் சுற்றிலேயே முப்பது புள்ளியில் தோற்றுத் திரும்பினார்கள். ஆனால் சான்றிதழ் சான்றிதழ்தான். கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது காவல்துறையில் இருக்கிறாள். ஆட்டத்துக்கு நடுவில் மேசையைத் தூக்காதே என்று முனியப்பனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டோம்.

இந்தக் கதையையெல்லாம் நந்தினியும் நானும் வியாழக்கிழமை மாலை போனில் ஒருமுறை பேசி முடித்தோம். அவள் மனதில் வேறு ஒரு கேள்வி இருந்திருக்கிறது.

“புக்குப்படி யார் சொன்னது சார் சரி? காதர் சாரா, எங்க சாரா?”

“அன்னியிலேர்ந்து அஞ்சு பதிப்பு பாத்துட்டேன்மா. டைம் அவுட்டுல டேபிள் நடந்து போனா என்ன செய்யணும்னு ஒரு வரி கூட இல்ல.”

“அப்ப நான் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ?”

மடித்து வைத்திருந்த அறிக்கையை நாட்குறிப்புக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். “சனிக்கிழம மேட்சு பன்னண்டு மணிக்கு சார். டேபிளை எங்க போடட்டும்?” என்றாள்.

இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. “மொதல்லயே மேற்க போட்டுடு. ஒரு மணி வரைக்கும் வெயிலைத் தாங்கிக்க. அப்புறம் நகர்த்தற வேலையே இல்ல.”

முப்பத்து நான்கு வருட அனுபவத்தில் சொன்ன யோசனை.

சனிக்கிழமை மதியம் ஒன்று நாற்பதுக்குப் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

“சார், மேற்கதான் போட்டேன். மூணாவது குவார்ட்டருல டைம் அவுட்டு. ஒரு மணி அடிச்சுது. முனியப்பண்ணன் வந்து டேபிளைத் தூக்கிட்டுக் கிழக்க போயிட்டாரு!”

“கிழக்கயா? அங்க வெயிலாச்சே!”

“அதைத்தான் சார் கேட்டேன். ஒரு மணிக்குப் பக்கம் மாத்தணும், அவ்வளவுதான் எனக்குச் சொன்னது, வெயிலு நெழலெல்லாம் எனக்கு யாரும் சொல்லலேங்கறாரு.”

இதைக் காதர் சாரிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் அண்ணன் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். போன் செய்து, முதலிலிருந்து, மணி நிமிடத்தோடு சொன்னேன். கடைக் கடிகாரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. முடித்துவிட்டு அந்த இரண்டு சொற்களுக்காகக் காத்திருந்தேன்.

அவர் வேறொன்று கேட்டார்.

“அந்தப் பொண்ணு எந்திரிச்சுதா?”

“இல்லீங்க சார். நாற்காலியிலயே உக்காந்திருந்தாளாம். ஷீட்டை மடியில வச்சுக்கிட்டு.”

“அப்ப சரி,” என்று போனை வைத்தார்.